வுதரிங் ஹைட்ஸ்: இந்த வீட்டுக்கு யார் சொந்தம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எமிலி பிரான்டி எழுதிய ஒரே நாவல் ‘வுதரிங் ஹைட்ஸ்’. 1847 டிசம்பரில், எல்லிஸ் பெல் என்ற புனைபெயரில் வெளியானது. ஆங்கில இலக்கியம் படிக்கும் மாணவர்களும் வாசிப்பு வட்ட நண்பர்களும் இதைப் பற்றிக் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கின்றன. யார் யாருக்கு என்ன உறவு, சொத்து எப்படிக் கைமாறியது, யார் அந்த வீட்டு ஆள், யார் வெளியாள் என்றே கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளை அவர்கள் கேட்ட வாக்கிலேயே தொகுத்திருக்கிறேன். கதை முழுக்க வெளிப்பட்டுவிடும். இன்னும் படிக்காதவர்கள் நாவலை முடித்துவிட்டு வரலாம்.

இது ஹீத்க்ளிஃப் – கேத்தரின் காதல் கதைதானே? இதுல குடும்பம், சொத்துன்னு ஏன் பேசணும்?

காதல் கதைதான். ஆனால் கேத்தரின் நாவலின் பாதியிலேயே இறந்துவிடுகிறாள். சினிமா பார்த்துவிட்டுப் புத்தகத்துக்கு வருபவர்கள் இதை எதிர்பார்ப்பதில்லை. மீதிப் பாதியில் அவளுடைய மகள், அவளுடைய அண்ணன் மகன், அவள் கணவனின் தங்கை மகன் என்று மூன்று பிள்ளைகள் தலையில் எல்லாம் விடிகிறது. காதலை மட்டும் தேடிப் படித்தால் அந்த இரண்டாம் பாதி இழுவையாகத் தோன்றும். பலரும் புத்தகத்தை மூடி வைப்பது அங்கேதான்.

ஆரம்பத்தையே பாருங்கள். ஹீத்க்ளிஃபின் இன்னொரு வீட்டுக்கு வாடகைக்கு வந்த லாக்வுட் பனியில் நனைந்து வுதரிங் ஹைட்ஸ் வீட்டுக்குள் நுழைகிறார். அங்கிருக்கும் இளம்பெண்ணை முதலில் ஹீத்க்ளிஃபின் மனைவி என்று நினைக்கிறார். இல்லை, மருமகள் என்று தெரிந்ததும், பக்கத்தில் நிற்கும் முரட்டு இளைஞன்தான் அவள் கணவன் என்று முடிவு கட்டுகிறார். அதுவும் தப்பு. ஒரே கூரையின் கீழ் இத்தனை பேர் இருக்கிறார்கள், வீட்டுக்காரனோடு ரத்த உறவு உள்ளவர் ஒருவர்கூட இல்லை. இவர்கள் எப்படி ஒரே வீட்டில் வந்து சேர்ந்தார்கள் என்று சொல்வதற்கே மொத்த நாவலும் தேவைப்படுகிறது.

பேரெல்லாம் ஒண்ணோட ஒண்ணு குழம்புது. யாருக்கு யார் என்ன முறை?

நாலு மைல் இடைவெளியில் இரண்டு வீடுகள். மேட்டில், காற்றடிக்கும் பண்ணைவீடு வுதரிங் ஹைட்ஸ். அது எர்ன்ஷா குடும்பத்துடையது. கீழே பூங்காவோடு கூடிய த்ரஷ்க்ராஸ் கிரேஞ்ச், லிண்டன் குடும்பத்துடையது. எர்ன்ஷாவுக்கு ஹிண்ட்லி, கேத்தரின் என்று இரண்டு பிள்ளைகள். லிண்டன் வீட்டில் எட்கர், இசபெல்லா. இந்த இரண்டு வீட்டுக்கும் நடுவில் வந்து சேர்ந்தவன் ஹீத்க்ளிஃப்.

ஹிண்ட்லிக்கும் பிரான்சிஸுக்கும் பிறந்தவன் ஹேர்டன். கேத்தரினுக்கும் எட்கருக்கும் பிறந்த மகளுக்கும் கேத்தரின் என்றே பெயர். குழப்பம் வராமல் இருக்க அவளை இங்கே கேத்தி என்கிறேன். ஹீத்க்ளிஃபுக்கும் இசபெல்லாவுக்கும் பிறந்தவன் லிண்டன் ஹீத்க்ளிஃப். அம்மாவின் குடும்பப் பெயரே அவனுக்கு முதற்பெயர்.

ஆக, கேத்திக்கு லிண்டன் அத்தை மகன், ஹேர்டன் தாய்மாமன் மகன். நம் கணக்கில் இருவருமே முறைமாப்பிள்ளைகள். அவள் முதலில் அத்தை மகனைக் கட்டிக்கொள்கிறாள், அவன் இறந்த பிறகு மாமன் மகனைக் கட்டப்போகிறாள். ஹீத்க்ளிஃப் அவளுக்கு அத்தை புருஷன், பிறகு மாமனார். இதை ஒரு தாளில் படமாக வரைந்து வைத்துக்கொண்டு படியுங்கள். நான் அறிந்தவரை எல்லோரும் கடைசியில் அதைத்தான் செய்கிறார்கள்.

விக்டோரியா காலத்து நாவல்னு சொல்றாங்க. ஆனா கதை 1801னு ஆரம்பிக்குதே?

எழுதப்பட்டதும் வெளியானதும் விக்டோரியா காலத்தில். கதை நடப்பது 1771 முதல் 1802 வரை, அதாவது விக்டோரியா அரியணை ஏறிய 1837-க்கு ஒரு தலைமுறைக்கு முன். இது சும்மா பின்னணிக்காக வைத்த காலம் இல்லை. அன்றைய சட்டங்கள் வேறு. கதையில் சொத்து கைமாறும் விதம் அந்தப் பழைய சட்டங்களை நம்பித்தான் நிற்கிறது. கீழே சொத்து பற்றிய கேள்வியில் இது தேவைப்படும்.

ஹீத்க்ளிஃப் அந்த வீட்டுப் பிள்ளையா, வேலைக்காரனா?

யார் வீட்டுக்கு எஜமானரோ அவரைப் பொறுத்தது. பெரியவர் எர்ன்ஷா லிவர்பூலுக்கு நடந்தே போய்த் திரும்பியவர், போக அறுபது மைல், வர அறுபது மைல். தெருவில் பசியோடு கிடந்த பையனைக் கோட்டுக்குள் சுற்றித் தூக்கி வருகிறார். அவர் உயிரோடு இருக்கும்வரை அவன் செல்லப்பிள்ளை. 1777-இல் அவர் கண்மூடியதும் மகன் ஹிண்ட்லி அவனை வேலைக்காரர்களோடு தள்ளுகிறான். பாதிரியாரிடம் படித்துக்கொண்டிருந்த பாடத்தை நிறுத்துகிறான். வயல் வேலைக்கு விரட்டுகிறான். ஒரு மனிதர் இறந்ததோடு ஒரு பையனின் இடமும் போய்விட்டது.

இதை எதிர்த்து அவன் எங்கும் முறையிட முடியாது. இங்கிலாந்தில் தத்தெடுப்புக்கென்று சட்டம் வந்ததே 1926-இல்தான். அதற்குமுன் எடுத்து வளர்த்த பிள்ளைக்குச் சட்டத்தின் கண்ணில் உரிமை எதுவும் கிடையாது. வளர்த்தவர் உயிலில் எழுதி வைத்தால் உண்டு. எர்ன்ஷா அவனுக்கென்று எதையும் எழுதி வைத்ததாக நாவலில் இல்லை. பாசம் கொட்டினார், பத்திரம் எழுதவில்லை. பின்னால் ஹீத்க்ளிஃப் பாசத்தை விட்டுவிட்டுப் பத்திரத்தைப் பிடித்துக்கொண்டதற்கு வேர் இங்கே இருக்கிறது என்பது என் வாசிப்பு.

அவனுக்கு ஏன் ஒரே ஒரு பேரு?

சின்ன வயதில் இறந்துபோன எர்ன்ஷாவின் மகன் ஒருவனுடைய பெயர் அது. முதற்பெயருக்கும் குடும்பப் பெயருக்கும் அது ஒன்றையே வைத்துவிட்டார்கள். செத்த பிள்ளையின் பெயரைக் கொடுத்தார்கள், எர்ன்ஷா என்ற பெயரைக் கொடுக்கவில்லை. கடைசியில் அவன் கல்லறைக் கல்லிலும் அந்த ஒற்றைப் பெயரும் இறந்த தேதியும்தான். வயது என்ன என்று யாருக்கும் தெரியாததால் அதைப் பொறிக்க வழியில்லை.

அவன் எர்ன்ஷாவோட கள்ளப் பிள்ளையா? இல்ல இந்தியனா?

இரண்டுக்கும் நாவல் பதில் சொல்வதில்லை. கள்ளப் பிள்ளை என்ற ஊகம் பழசு. ஒரு விவசாயி காரணம் சொல்லாமல் அவ்வளவு தூரம் நடந்துபோய் ஒரு பையனோடு திரும்பினால் ஊர் வாய் சும்மா இருக்காதுதான். ஆனால் அதற்கு ஆதாரமாக ஒரு வரிகூடக் கதையில் கிடையாது. அதை உண்மை என்று வைத்துக்கொண்டு விமர்சனம் எழுதினால் கட்டடம் மணலில் நிற்கும்.

நிறம் பற்றி நிறையவே இருக்கிறது. கருத்த ஜிப்ஸி என்கிறார்கள். எட்கரின் அப்பா பெரிய லிண்டன் அவனைப் பார்த்து, குட்டி லஸ்கராக இருக்கும், அல்லது அமெரிக்காவோ ஸ்பெயினோ ஒதுக்கிவிட்ட அனாதை என்கிறார். லஸ்கர் என்பது கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் வேலை பார்த்த இந்திய மாலுமிகளை உள்ளிட்டவர்களுக்கு வழங்கிய பெயர். கதையை லாக்வுட்டுக்குச் சொல்லும் வேலைக்காரி நெல்லியும் அவனைத் தேற்றும்போது, உன் அப்பா சீனச் சக்கரவர்த்தியாகவும் அம்மா இந்திய ராணியாகவும் இருந்திருக்கலாமே என்கிறாள். லிவர்பூல் அன்று அடிமை வியாபாரத்தில் கொழித்த துறைமுகம். எங்கிருந்து வேண்டுமானாலும் அவன் வந்திருக்கலாம். ஒவ்வொருவரும் ஆளுக்கொரு ஊரைச் சொல்கிறார்கள், இந்த ஊர் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஒரு அநாதைப் பையன் மேல ஹிண்ட்லிக்கு ஏன் இவ்வளவு வெறுப்பு?

பதினாலு வயதுப் பையனின் இடத்திலிருந்து பாருங்கள். அப்பா ஊரிலிருந்து வயலின் வாங்கி வருவதாகச் சொல்லியிருந்தார். வந்தது நொறுங்கிய வயலின், கூடவே ஒரு பையன். தங்கைக்குச் சொன்ன சாட்டை வழியில் தொலைந்துவிட்டது. அவள் கோபத்தில் அந்தப் பையனைப் பார்த்துத் துப்புகிறாள், அப்பாவிடம் அடி வாங்குகிறாள். இரண்டு குதிரைக்குட்டிகளில் தன்னுடையது நொண்டியதும் ஹீத்க்ளிஃப் வந்து, உன்னுடையதைக் கொடு, இல்லாவிட்டால் நீ என்னை அடித்ததை உன் அப்பாவிடம் சொல்வேன் என்று மிரட்டிக் குதிரையை மாற்றிக்கொள்கிறான். ஹிண்ட்லி கொடுமைக்காரன்தான். ஆனால் பெற்ற அப்பா தன்னைத் தள்ளிவிட்டு வேறொருவனை மடியில் வைத்ததைப் பார்த்து வளர்ந்தவன். எர்ன்ஷா கருணையைக் கொண்டுவந்தார், அதைப் பிள்ளைகளுக்குள் பங்கிடத் தெரியவில்லை.

கேத்தரின் காதலிக்கிறது ஒருத்தனை, கட்டிக்கிறது இன்னொருத்தனை. பணத்தாசைதானே?

பணமும் உண்டு, அதை அவள் மறைப்பதில்லை. ஹீத்க்ளிஃபைக் கட்டினால் பிச்சை எடுக்க வேண்டும் என்கிறாள். எட்கரைக் கட்டினால் அவர் பணத்தைக் கொண்டே ஹீத்க்ளிஃபை அண்ணனின் பிடியிலிருந்து விடுவிக்கலாம் என்றும் கணக்குப் போடுகிறாள். கேட்கும் நெல்லிக்கு இது அபத்தமாகப் படுகிறது. நமக்கும் அப்படித்தான். ஆனால் பதினைந்து வயதுப் பெண்ணுக்கு அந்த வீட்டில் வேறு வழி என்ன இருந்தது? அவள் கைக்கு வரும் சொத்தை, வந்தால், கணவன்தான் ஆள்வான். அண்ணனோ குடிகாரன்.

அதே உரையாடலில் அவள் சொல்லும் கனவு முக்கியமானது. சொர்க்கத்துக்குப் போகிறாள், அது தன் வீடாகவே தோன்றவில்லை. அழுது அடம்பிடிக்கிறாள். தேவதைகள் கோபத்தில் அவளை வுதரிங் ஹைட்ஸ் மேட்டுப் புதர்க்காட்டில் தூக்கிப் போடுகிறார்கள். அங்கே விழித்து ஆனந்தத்தில் அழுகிறாள். எட்கரின் வீடு அவளுக்கு இந்தச் சொர்க்கம் மாதிரி. நல்ல இடம்தான், அவளுடைய இடமில்லை. சாகும் முன் ஜன்னி கண்டபோதும் கிரேஞ்சின் கண்ணாடியில் தெரியும் தன் முகமே அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. பழைய வீட்டில், பலகைத் தடுப்புப் போட்ட கட்டிலில் பன்னிரண்டு வயதுச் சிறுமியாகப் படுத்திருப்பதாக நினைக்கிறாள்.

இசபெல்லா ஓடிப்போனதும் எட்கர் கைகழுவிட்டாரே, இவர் என்ன அண்ணன்?

நல்லவர் என்று பெயரெடுத்த எட்கரிடம் எனக்குப் பிடிக்காத இடம் இதுதான். இனி அவள் பெயரளவில்தான் என் தங்கை, நான் அவளைத் துறக்கவில்லை, அவள்தான் என்னைத் துறந்தாள் என்று சொல்லி முடித்துவிடுகிறார். அவள் தவிப்பதாகக் கடிதம் எழுதிய பிறகும் மனம் இறங்கவில்லை. அவள் தானாகத் தப்பி லண்டன் பக்கம் போய்ப் பிள்ளையைப் பெற்று வளர்க்கிறாள். பல வருடம் கழித்து மரணப்படுக்கையில்தான் அண்ணன் போய்ப் பார்க்கிறார்.

அவள் இறந்ததும் பையனைக் கூட்டிவருகிறார். வந்த இரவே ஹீத்க்ளிஃபின் ஆள் ஜோசப் வாசலில் நிற்கிறான். எட்கரால் தடுக்க முடியாது. அந்தக் காலத்தில் பிள்ளை அப்பனுக்குத்தான். பிரிந்து வாழும் தாய்மார்கள் சின்னப் பிள்ளைகளைத் தம்மிடம் வைத்துக்கொள்ள நீதிமன்றத்தைக் கேட்கலாம் என்ற அளவுக்கு ஒரு சட்டம் வந்ததே 1839-இல்தான். மகனை முதன்முதலாகப் பார்க்கும்போது ஹீத்க்ளிஃப் சொல்வது, என் சொத்து வந்து சேர்ந்ததா என்று. பேச்சுக்குச் சொல்லவில்லை, கணக்குப் போட்டே சொல்கிறான்.

அத்தை மகன், மாமன் மகனைக் கட்டிக்கிறது வெள்ளைக்காரங்க வழக்கத்துல உண்டா?

உண்டு. எட்டாம் ஹென்றி காலத்திலிருந்தே அங்கே சட்டம் அதை அனுமதித்தது. விக்டோரியா ராணியே 1840-இல் மணந்தது தன் தாய்மாமன் மகன் ஆல்பர்ட்டை. சார்லஸ் டார்வின் 1839-இல் மணந்த எம்மாவும் அவருக்குத் தாய்மாமன் மகள்தான். ஆகவே கேத்தியின் இரண்டு திருமணங்களிலும் அன்றைய வாசகருக்கு அதிர்ச்சி எதுவும் இருந்திருக்காது. நமக்கும் இல்லை. இன்றைய மேற்கத்திய வாசகர்கள்தான் இந்த இடத்தில் நெளிகிறார்கள்.

தெருவுல கிடந்தவன் இரண்டு வீட்டையும் எப்படி எழுதி வாங்கினான்? சட்டப்படி சரியா?

இரண்டு வீட்டுக்கும் இரண்டு வழி. முதல் வீடு சுலபம். மனைவி பிரான்சிஸ் பிரசவத்தை ஒட்டிக் காசநோயில் இறந்தபின் ஹிண்ட்லி குடியிலும் சூதாட்டத்திலும் இறங்கினான். மூன்று வருடம் காணாமல்போய்ப் பணத்தோடு திரும்பிய ஹீத்க்ளிஃப் அவனுக்குக் கடன் கொடுத்துக்கொண்டே வந்தான். ஹிண்ட்லி 27 வயதில் இறந்தபோது ஒரு கஜம் பாக்கியில்லாமல் நிலமெல்லாம் அடமானத்தில் இருந்தது. அடமானம் பிடித்தவன் ஹீத்க்ளிஃப். வாரிசான ஹேர்டன் தன் வீட்டிலேயே சம்பளமில்லாத வேலைக்காரன் ஆனான். அடமானம்வரை சட்டப்படி பழுதில்லை. அவனிடம் அந்தப் பணம் எப்படி வந்தது என்பதைத்தான் நாவல் சொல்வதில்லை.

கிரேஞ்ச் சிக்கலானது. எட்கரின் தந்தை சொத்தை எழுதி வைத்த விதப்படி, எட்கருக்கு அவர் ஆயுள்வரை அனுபவ உரிமை. அவருக்கு மகன் இல்லாவிட்டால் சொத்து மகள் கேத்திக்கு வராது, தங்கை இசபெல்லா வழிக்குப் போகும். கேத்தி பிறந்த அன்றே நெல்லி இதை நினைத்துக் கிழவரை மனதுக்குள் திட்டுகிறாள். ஹீத்க்ளிஃப் இசபெல்லாவைக் கட்டியதில் இந்தக் கணக்கும் இருந்தது. எட்கருக்குப் பிறகு நிலத்துக்கு உரியவன் இசபெல்லாவின் மகன் லிண்டன். அவனுக்கே கேத்தியைக் கட்டி வைத்தால் அவளுடைய பணம், நகை, அசையும் பொருள் அத்தனையும் கணவன் கைக்கு வந்துவிடும். மணமான பெண்கள் தம் பெயரில் சொத்து வைத்துக்கொள்ள வழிசெய்த சட்டங்கள் 1870, 1882 ஆகிய ஆண்டுகளில் வந்தவை. எட்கர் கடைசி நேரத்தில் மகளின் பங்கை டிரஸ்டிகள் பெயரில் எழுத வக்கீல் கிரீனுக்கு ஆள் அனுப்புகிறார். வக்கீல் ஏற்கெனவே ஹீத்க்ளிஃபுக்கு விலைபோனவர், தாமதமாகத்தான் வருகிறார்.

லிண்டன் சாகுமுன் அவனிடம் உயில் வாங்கப்படுகிறது. மைனர் என்பதால் நிலத்தை எழுதித் தர முடியாது. அசையும் சொத்தை எழுதலாம், 14 வயதான ஆண்பிள்ளைக்கு அன்று அந்த உரிமை இருந்தது. 1837-இல் வந்த உயில் சட்டம் அதை 21 ஆக்கியது. மேலே காலம் பற்றிய கேள்வியில் சொன்னது இதற்காகத்தான். பாதிரியார் மகளான எமிலி தன் காலத்துச் சட்டத்தைப் போடாமல் கதை நடக்கும் காலத்துச் சட்டத்தைச் சரியாகப் போட்டிருக்கிறார். நிலத்தை ஹீத்க்ளிஃப் மனைவியின் உரிமையிலும் தன் உரிமையிலும் எடுத்துக்கொண்டதாகச் சொல்லும் நெல்லி, சட்டப்படிதான் என்று நினைக்கிறேன் என்று இழுக்கிறாள். அந்த இழுப்புக்குக் காரணம் உண்டு. 1926-இல் சி. பி. சாங்கர் என்ற வழக்கறிஞர் இந்த நாவலின் வம்சாவளியையும் சட்டங்களையும் அலசி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், நிலத்தின் மேல் அவனுக்கு நியாயமான பாத்தியதை இருந்ததாகத் தெரியவில்லை என்றே முடிவுக்கு வருகிறார். இசபெல்லா ஒருநாளும் அந்த நிலத்தை அனுபவித்ததில்லை, அப்புறம் கணவனுக்கு ஏது உரிமை? கேத்தியிடம் வழக்குப் போடக் காசுமில்லை, ஆளுமில்லை. அவ்வளவுதான் விஷயம்.

கேத்தியை அடைச்சு வெச்சுக் கட்டாயக் கல்யாணம் பண்ணினது செல்லுமா?

1753-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டப்படி 21 வயதாகாதவர்கள் லைசென்ஸ் வாங்கி மணக்கத் தந்தையின் சம்மதம் வேண்டும், இல்லாவிட்டால் செல்லாது. கேத்திக்கு 17, எட்கர் அப்போது உயிரோடு படுக்கையில் இருக்கிறார், சம்மதம் தரவில்லை. கேள்வி எழுப்பியிருக்கலாம். நாவலில் யாரும் எழுப்பவில்லை. ஊர் மாஜிஸ்திரேட்டாக இருந்தவரே எட்கர்தான், அவரும் சாகக் கிடக்கிறார். முந்திய பதிலின் கடைசி வரி இதற்கும் பொருந்தும்.

ஹேர்டனைக் கெடுத்து வெச்சதே ஹீத்க்ளிஃப்தான். அவன் செத்ததுக்கு ஹேர்டன் ஏன் அப்படி அழறான்?

நாவலில் எனக்கு மிகவும் பிடித்த முடிச்சு இது. ஹிண்ட்லி இறந்ததும் எட்கர் அந்தக் குழந்தையை, மனைவியின் அண்ணன் மகனை, எடுத்து வளர்க்க ஆசைப்படுகிறார். ஹீத்க்ளிஃப் விடவில்லை. இவனைக் கொண்டுபோனால் என் பிள்ளையை வரவழைத்து இவன் இடத்தில் வைப்பேன் என்று மிரட்டி நிறுத்துகிறான். ஒரே காற்றில் வளைத்தால் இந்த மரமும் கோணலாக வளர்கிறதா பார்ப்போம் என்கிறான். ஹிண்ட்லி தனக்குச் செய்ததை அவன் மகனுக்கு அப்படியே செய்கிறான்: எழுத்து கிடையாது, மரியாதை கிடையாது, வாயைத் திறந்தால் வசவு. வாசல் நிலைக்கு மேல் 1500 என்ற ஆண்டும் ஹேர்டன் எர்ன்ஷா என்ற பெயரும் செதுக்கியிருக்கின்றன. தன் பெயரையே தாங்கிய அந்த எழுத்தை அவனுக்குப் படிக்கத் தெரியவில்லை.

ஆனால் ஹேர்டனின் நினைவில் பெற்ற அப்பா குடித்துவிட்டுத் தன்னை மாடிப்படிக் கைப்பிடிக்கு மேலிருந்து நழுவவிட்டவன். கீழே பிடித்தவன் ஹீத்க்ளிஃப். அனிச்சையாகப் பிடித்துவிட்டு, யார் பிள்ளை என்று பார்த்ததும் ஏன் பிடித்தோம் என்று வருந்தினான், அது வேறு. அப்பா அடித்தபோது பக்கம் நின்றவன், அப்பாவைத் திட்டச் சொல்லிக் கொடுத்தவன், பிறகு ஒரு முறைகூட உடம்பில் கை வைக்காதவன். ஹேர்டனுக்கு வேறு தகப்பன் யார் இருக்கிறார்? கேத்தி ஹீத்க்ளிஃபைக் குறை சொல்லும்போது, உன் அப்பாவைப் பற்றி நான் பேசினால் உனக்கு எப்படி இருக்கும் என்று கேட்கிறான். அவள் வாயடைத்துப் போகிறாள்.

ஹீத்க்ளிஃபுக்கும் இது தெரியும். சொந்த மகனைத் தகரம் என்றும், ஹேர்டனைத் தளக்கல்லாகப் போட்ட தங்கம் என்றும் சொல்பவன் அவன்தான். பழிவாங்க வளர்த்த பிள்ளைதான் அவனுக்கு உண்மையான மகன் மாதிரி அமைகிறான். அதிலும் கண்கள் அத்தை கேத்தரினுடையவை.

எல்லாரும் ஏன் இவ்வளவு சின்ன வயசுல சாகறாங்க? கதைக்காகக் கொல்றாரா?

கேத்தரின் 18, லிண்டன் 17-ஐ ஒட்டி, ஹிண்ட்லி 27, எட்கர் 39. நமக்கு மிகையாகத் தெரிகிறது. எமிலி வாழ்ந்த ஹாவொர்த் ஊரைப் பற்றி 1850-இல் பெஞ்சமின் பாபேஜ் எழுதிய சுகாதார அறிக்கையைப் பார்த்தால் அப்படித் தோன்றாது. அங்கே இறந்தவர்களின் சராசரி வயது 25.8. நூற்றுக்கு 41.6 பேர் ஆறு வயதுக்குள் போய்விட்டார்கள். தண்ணீர் கெட்டது, இடுகாடு நிரம்பி வழிந்தது.

எமிலியின் வீட்டில் அம்மா 1821-இல் போனார், எமிலிக்கு அப்போது மூன்று வயது. மூத்த அக்காக்கள் இருவர் 1825-இல். அண்ணன் பிரான்வெல் 1848 செப்டம்பரில், அதே டிசம்பரில் எமிலி, 30 வயதில். அடுத்த மே மாதம் தங்கை ஆன். பிள்ளைகளை வளர்த்தது பென்சான்ஸிலிருந்து வந்து தங்கிவிட்ட பெரியம்மா ஒருவர். அம்மா இல்லாத வீடும் பிறர் கையில் வளரும் குழந்தையும் எமிலி கற்பனை செய்ய வேண்டிய சங்கதிகள் இல்லை.

நெல்லி வேலைக்காரிதானே, குடும்பக் கதையெல்லாம் அவ எப்படிச் சொல்றா? அவளை நம்பலாமா?

நெல்லியின் அம்மா ஹிண்ட்லிக்குப் பாலூட்டி வளர்த்தவர். அந்த வகையில் நெல்லி அவனுக்கு உடன்பிறப்பு மாதிரி, பிள்ளைகளோடு பிள்ளையாக வளர்ந்தவள். லிவர்பூலிலிருந்து அவளுக்கும் ஆப்பிளும் பேரிக்காயும் கொண்டுவருவதாகத்தான் பெரியவர் சொன்னார். ஆனால் சம்பளத்துக்கு இருப்பவள். கேத்தரினுக்குக் கல்யாணமானதும், ஐந்து வயதுகூட நிரம்பாத, தான் தாயாய் வளர்த்த ஹேர்டனை விட்டுவிட்டு அவளோடு கிரேஞ்சுக்குப் போகச் சொல்கிறார்கள். போகிறாள். பிறகொரு நாள் பார்க்க வந்தபோது அவன் அடையாளம் தெரியாமல் கல்லால் அடிக்கிறான்.

நம்பலாமா என்றால், நடந்ததை நம்பலாம், அவள் தீர்ப்புகளை அளந்து வாங்கிக்கொள்ளுங்கள். ஹீத்க்ளிஃப் வந்த முதல் இரவே அவனை மாடிப்படித் திருப்பத்தில் போட்டுவிட்டு, காலையில் தொலைந்து போயிருப்பான் என்று நினைத்தவள் அவளே. அதை அவளே சொல்லவும் செய்கிறாள். கேத்தரினின் பேச்சை ஹீத்க்ளிஃப் மறைந்திருந்து கேட்டதும், பாதியில் எழுந்து போனதும் தெரிந்தும் உடனே சொல்லாதவளும் அவள்தான்.

கேத்தரினை ஏன் எந்தக் குடும்பக் கல்லறையிலயும் புதைக்கலை?

ஊரார் வியந்தது இதைத்தான். லிண்டன்களின் இடத்திலும் இல்லை, எர்ன்ஷாக்கள் பக்கத்திலும் இல்லை, இடுகாட்டு மூலையில் ஒரு புல்மேட்டில், மதில் தாழ்ந்து புதர்ச்செடிகள் உள்ளே ஏறி வந்த இடத்தில். பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் நடுவே அவள் அல்லாடியதை நாவலாசிரியர் அங்கே இடமாகவே காட்டிவிடுகிறார். பின்னர் ஒரு பக்கம் எட்கர். மறுபக்கம் ஹீத்க்ளிஃப், வெட்டியானுக்குக் காசு கொடுத்து அவள் பெட்டியின் பக்கப்பலகையைத் தளர்த்தி வைத்தவன்.

ஹீத்க்ளிஃப் உயில் எழுதாம செத்துட்டான். அப்போ சொத்து யாருக்கு? முடிவு சுபம்தானா?

உயில் எழுதவில்லை, யாருக்கு விடுவது என்றே தெரியவில்லை, முடிந்தால் சொத்தை இந்தப் பூமியிலிருந்தே அழித்துவிடுவேன் என்று அவனே சொல்கிறான். வாரிசும் உயிலும் இல்லாதவன் சொத்து அரசுக்குப் போக வேண்டும் என்பது அன்றைய பொதுவிதி. நாவல் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. பழைய வம்சத்துக்கு உரிமை திரும்பியது என்று ஜோசப் முழந்தாளிட்டு நன்றி சொல்வதோடு விட்டுவிடுகிறது. கிரேஞ்சைப் பொறுத்தவரை கேத்திக்கு நியாயம் இருக்கிறது: கணவன், அத்தை எல்லோரும் போனபின் லிண்டன் வழியில் மிஞ்சியவள் அவள்தான். ஹைட்ஸின் வாரிசு ஹேர்டன். இருவரும் மணந்தால் கேள்வி கேட்க ஆளில்லை.

சுபமா என்பதற்கு, முதல் சந்திப்புகளில் அவனுடைய எழுத்துக்கூட்டலைக் கேலிசெய்து சிரித்தவள், அதனால் அவன் புத்தகங்களையே நெருப்பில் போட்டான், கடைசியில் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கச் சொல்லித்தருகிறாள் என்பதை வைத்துக்கொள்ளலாம். ஜோசப்பின் கருந்திராட்சைப் புதர்களைப் பிடுங்கிவிட்டுக் கிரேஞ்சிலிருந்து பூச்செடி கொண்டுவந்து நடத் திட்டமிடுகிறார்கள், கிழவன் வேலையை விட்டே போகிறேன் என்று குதிக்கிறான். 1803 புத்தாண்டு அன்று கல்யாணம். அதன்பின் கேத்தரின் எர்ன்ஷா என்ற பெயர் மறுபடி அந்த ஊரில் இருக்கும். ஆனால் அவர்கள் ஹைட்ஸில் குடியிருக்கப்போவதில்லை, கிரேஞ்சுக்குப் போகிறார்கள். ஜோசப்புக்குச் சமையற்கட்டு, துணைக்கு ஒரு பையன். மற்ற அறைகளைப் பூட்டிவிடுவார்கள். முப்பது வருடம் எல்லோரும் அடித்துக்கொண்ட வீட்டில் குடியிருக்கக் கடைசியில் யாருக்கும் மனமில்லை. அதைச் சுபம் என்பதா என்று கேட்டால், நான் ஆம் என்பேன். என் வாசிப்பு வட்டத்தில் பாதிப்பேர் ஒப்புக்கொள்வதில்லை.